இல்லாத புத்தகத்துக்கு இத்தனை பதிப்பா?

கி.பி. 738-ஆம் ஆண்டில் ஒரு நாள், பட்டப்பகலில், ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, கண்ணுக்குத் தெரியாத மிருகம் ஒன்று ஒரு கவிஞரைப் பிடித்துத் தின்றுவிட்டது. தெரியாத மிருகத்தை ஊர் எப்படிப் பார்த்தது என்று குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. கவிஞர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததைப் பார்த்திருப்பார்கள். அவர் பெயர் அப்துல் அல்ஹஸ்ரத். சொந்த ஊர் ஏமனில் சனா. பாலைவனத்தில் பத்து வருஷம் தனியாக அலைந்து புத்தி பேதலித்தவர். கடைசிக் காலத்தில் டமாஸ்கஸில் தங்கி, படிக்கிறவனுக்கும் புத்தி பேதலிக்கும்படி ‘அல் அஸிஃப்’ என்று ஒரு நூலை எழுதி வைத்துவிட்டுப் போனார். 950-ல் அது கிரேக்கத்துக்குப் போய் ‘நெக்ரோனாமிகான்’ என்று பெயர் வாங்கியது. 1050-ல் கொளுத்தினார்கள். 1228-ல் ஓலாஸ் வார்மியஸ் என்பவர் லத்தீனில் பெயர்த்தார். 1232-ல் போப் ஒன்பதாம் கிரெகரி தடை போட்டார். தப்பிய பிரதிகள் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பாரிஸ் தேசிய நூலகத்திலும் ஹார்வர்டிலும் பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்திலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

அத்தனையும் புளுகு. போப்பும் இன்னும் ஓரிருவரும் மட்டும் நிஜம்.

1927-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் உட்கார்ந்துகொண்டு ஹெச்.பி. லவ்கிராஃப்ட் என்ற நீளத் தாடை ஆசாமி தன் சௌகரியத்துக்காக எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு இது. கதைக்குக் கதை அந்தப் புத்தகத்தை இழுக்கிறோமே, வருஷங்கள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாதே என்ற கவலை அவருக்கு. அப்படியும் இடித்தது. ஓலாஸ் வார்மியஸ் நிஜமாகவே வாழ்ந்த டென்மார்க் மருத்துவர், பிறந்தது 1588-ல். ஆக, பிறப்பதற்கு 360 வருஷம் முன்பே மொழிபெயர்த்துக் கொடுத்த ஒரே மொழிபெயர்ப்பாளர் அவர்தான். கவிஞர் தின்னப்பட்டதற்குச் சாட்சி சொல்லும் இப்னு கல்லிகானும் நிஜ ஆள். அவரையும் ஒரு நூற்றாண்டு முன்னால் தள்ளி உட்காரவைத்துவிட்டார் நம் ஆசிரியர்.

இந்தப் புளுகைத்தான் அடுத்த ஒரு நூற்றாண்டு மனிதகுலத்தின் ஒரு பகுதி உண்மை என்று நம்பியது. நம்பியதோடு நிற்காமல் எழுதினவருக்கே விளக்கமும் சொல்லிக்கொடுத்தது.

கதை இப்படி. 1923-ல் சிக்காகோவிலிருந்து ‘வியர்ட் டேல்ஸ்’ என்றொரு இதழ் வரத் தொடங்கியது. மட்டமான காகிதம், மலிவு விலை, அட்டையில் வழக்கமாக ஆபத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பெண். அதில் எழுதியவர்களில் சிலர் லவ்கிராஃப்டைச் சுற்றிக் கூட்டு சேர்ந்தார்கள். கலிஃபோர்னியாவில் கவிஞர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித். டெக்சாஸின் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில், கோனனைப் படைத்த ராபர்ட் ஈ. ஹோவர்ட். நியூயார்க்கில் ஃபிராங்க் பெல்க்நாப் லாங். விஸ்கான்சினில் ஆகஸ்ட் டெர்லெத். மில்வாக்கியில் மீசை முளைத்தும் முளைக்காத ராபர்ட் பிளாக். இந்த ஐவரில் லாங் ஒருவரைத்தான் லவ்கிராஃப்ட் நேரில் பார்த்தார். மற்றதெல்லாம் தபால். வாழ்நாளில் பல்லாயிரம் கடிதங்கள் எழுதியவர். சில கடிதங்கள் முப்பது நாற்பது பக்கம் போகும். கதை எழுதிச் சம்பாதித்ததைவிடத் தபால்தலைக்குச் செலவழித்தது அதிகமோ என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. உன் பேயை எனக்குக் கொடு, என் பேயை நீ எடுத்துக்கொள். ஸ்மித் ‘சதோகுவா’ என்று தவளை முகச் சோம்பேறித் தெய்வம் ஒன்றை உண்டாக்கிக் கைப்பிரதியில் அனுப்பினார். லவ்கிராஃப்டுக்குப் பிடித்துப்போய்த் தன் கதையில் போட்டுக்கொண்டார். அவர் கதை 1931 ஆகஸ்டில் அச்சாகிவிட்டது. ஸ்மித்தின் மூலக்கதை நவம்பரில்தான் வந்தது. பெற்றவர் பெயர் வைப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதை. தன்னுடைய அந்தக் கதையிலேயே லவ்கிராஃப்ட் ஸ்மித்தை அட்லாண்டிஸின் தலைமைப் பூசாரி ‘கிளார்க்கஷ்-டான்’ என்று ஆக்கினார். டெர்லெத்தை ஒரு பிரெஞ்சுப் பிரபுவாக்கிப் பிணந்தின்னிகளைப் பற்றி நூல் எழுதவைத்தது அந்தக் கூட்டம். ஆளுக்கொரு மந்திரப் புத்தகம், ஆளுக்கொரு தெய்வம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிரபஞ்சம்.

இதோடு நின்றிருந்தால் நண்பர்கள் விளையாட்டு என்று போயிருக்கும். லவ்கிராஃப்டுக்கு இன்னொரு பிழைப்பு இருந்தது. பிறர் கதையைத் திருத்திக் கொடுப்பது. திருத்துவது என்றால் ஒற்று சேர்ப்பது அல்ல. ஸீலியா பிஷப் என்ற அம்மையார் இரண்டு வரியில் ஒரு யோசனை சொன்னார்: ஒரு மண்மேடு, அதில் தலையில்லாத ஆவி. லவ்கிராஃப்ட் அதைக் குறுநாவலாக்கி, பூமிக்கடியில் ஒரு நாகரிகத்தையே குடியேற்றித் திருப்பிக் கொடுத்தார். தலையில்லாத ஆவிக்கு அதில் ஓரமாக ஒரு இடம். மந்திரவாதி ஹூடினிக்கே அவர் பேய் எழுத்தாளராக இருந்திருக்கிறார். 1924-ல் எழுதி முடித்த அந்தக் கைப்பிரதியை, கல்யாணத்துக்காக நியூயார்க் கிளம்பும் அவசரத்தில், பிராவிடன்ஸ் ரயில் நிலையத்தில் தொலைத்தார். தேனிலவு முழுக்க மாப்பிள்ளையும் பெண்ணும் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

விஷயம் என்னவென்றால், வாடிக்கையாளர்களின் கதைகளுக்குள்ளும் இவர் சத்தமில்லாமல் தன் பூதங்களான கதுலூவையும் யோக்-சோதோத்தையும் நுழைத்துவிடுவார். வாசகர் பக்கமிருந்து பாருங்கள். பிராவிடன்ஸ்காரர் ஒருவர் கதுலூ என்கிறார். அடால்ஃப் டி காஸ்ட்ரோ என்று சம்பந்தமே இல்லாத பெரியவர் ஒருவர் மெக்சிகோவில் நடக்கும் கதையில் அதே பெயரைச் சொல்கிறார். டெக்சாஸ்காரரும் கலிஃபோர்னியாக்காரரும் ஒத்து ஊதுகிறார்கள். இத்தனை பேர் தனித்தனியாகச் சொன்னால் அதற்குப் பெயர் என்ன? ஆதாரம்! கடலடியில் கதுலூ தூங்குகிறது என்ற சேதி எங்கோ ஒரு பழைய ஏட்டில் இருக்கிறது, இவர்கள் அதைப் படித்துவிட்டு மறைக்கிறார்கள் என்று முடிவுக்கு வருவதில் தப்பே இல்லை. சாட்சிகளில் பல பேருக்குப் பேனா பிடித்தது ஒரே கை, மற்றவர்கள் அந்தக் கையின் நண்பர்கள் என்பது வாசகர்களுக்கு எப்படித் தெரியும்?

‘வியர்ட் டேல்ஸ்’ 1930 மார்ச் இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. இந்தப் பிரபஞ்சத்தின் மூத்த ரசிகர் கோட்பாடுகளில் இதற்குத்தான் முதல் மரியாதை தர வேண்டும். ஹோவர்டின் ‘ஸ்கல்-ஃபேஸ்’ கதையில் வில்லன் பெயர் கதுலோஸ். அட்லாண்டிஸிலிருந்து பெட்டிக்குள் மிதந்து வந்தவன். லவ்கிராஃப்டின் கதுலூவும் கடல் சம்பந்தப்பட்ட ஆசாமி. இரண்டு பேருக்கும் உறவு உண்டா? நியாயமான கேள்வி. ஹோவர்ட் விழித்தார். பெயர் ஒத்துப்போனது அவருக்குத் தற்செயல். அதைவிட, கதுலூ சமாசாரமெல்லாம் நிஜமான பழங்கதையோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. லவ்கிராஃப்டைக் கேட்டார். எல்லாம் என் கற்பனைதான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அப்போது எழுதிக்கொண்டிருந்த ‘தி விஸ்பரர் இன் டார்க்னெஸ்’ கதையில் மர்மப் பெயர்கள் அடுக்கும் இடத்தில் ‘லமூர்-கதுலோஸ்’ என்று ஒன்றைச் சொருகினார். வாசகர் யூகித்தார், ஆசிரியர் மறுத்தார், பிறகு சேர்த்துக்கொண்டார். இன்றைக்கு எந்தத் தொடரின் ரசிகரும் தூக்கத்தில் கனவு காணும் வெற்றி அது.

பிளாக் கதை இன்னும் தமாஷ். பதினெட்டு வயசுப் பையன், குருவைக் கதைக்குள் கொலை செய்ய ஆசைப்பட்டான். இதழாசிரியருக்குச் சட்டபூர்வ அனுமதி வேண்டும் போலிருந்தது. 1935 ஏப்ரலில் லவ்கிராஃப்ட் அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்: என்னைச் சித்திரிக்கலாம், கொல்லலாம், சிதைக்கலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் கையாளலாம் என்று. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் அப்துல் அல்ஹஸ்ரத்தும் ஒருவர். பையன் செப்டம்பர் இதழில் குருவைத் தீர்த்துக்கட்டினான். குரு சும்மா விடுவாரா? மில்வாக்கியிலிருந்து வரும் ராபர்ட் பிளேக் என்றொரு இளம் எழுத்தாளனை உண்டாக்கி, 1936 டிசம்பரில் இடியும் மின்னலுமாக அவன் கணக்கை முடித்தார். பிளாக் 1950-ல் மூன்றாவது பகுதி எழுதிக் கணக்கை நேராக்கப் பார்த்தார். அதற்குள் எதிராளி நிஜமாகவே செத்து 13 வருஷம் ஆகியிருந்தது. இந்தக் கொலைப் பயிற்சி வீண்போகவில்லை. இதே பிளாக்தான் 1959-ல் ‘சைக்கோ’ நாவலை எழுதி, ஹிட்ச்காக் புண்ணியத்தில் உலகத்தையே குளியலறையைப் பார்த்துப் பயப்படவைத்தவர்.

1933-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் லவ்கிராஃப்ட் தெய்வங்களின் வம்சாவளி வரைந்தார். உச்சியில் அசதோத், அண்டத்தின் நடுமையத்தில் மதிகெட்டுக் குழம்பிக்கிடக்கும் மூலப்பரம்பொருள். அதற்குக் கீழே நயார்லதோதெப், யோக்-சோதோத், கதுலூ, சதோகுவா என்று கிளை பிரிந்து, அடிமட்டத்தில் இரண்டு வாரிசுகள்: கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், ஹெச்.பி. லவ்கிராஃப்ட். கடவுள் நம்பிக்கை துளியும் இல்லாத மனிதர் தன்னைக் கடவுளின் பேரனுக்குப் பேரனாக எழுதிக்கொண்டார். சிரிப்பதற்காக வரைந்த அந்தப் படத்தைப் பின்னால் வந்தவர்கள் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தார்கள்.

1936 ஜூனில் ஹோவர்ட் தன் முப்பதாவது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1937 மார்ச் 15-ல் லவ்கிராஃப்ட் குடல் புற்றுநோயில் போனார், வயது 46. அதோடு விளையாட்டு முடிந்து, மதம் தொடங்கியது. மத குரு பெயர் ஆகஸ்ட் டெர்லெத்.

டெர்லெத்தைத் திட்டுவதற்கு முன் ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். லவ்கிராஃப்டை எந்தப் பதிப்பாளரும் சீந்தாதபோது, டொனால்ட் வாண்ட்ரேயோடு சேர்ந்து, 1939-ல் ‘ஆர்க்கம் ஹவுஸ்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். முதல் தொகுப்பு 1,268 பிரதிகள். விற்றுத் தீர நாலு வருஷம். அவர் இல்லையென்றால் இந்தக் கதைகள் பழைய பேப்பர் கடையில் மக்கியிருக்கும். சரி, கும்பிட்டாயிற்று.

லவ்கிராஃப்டின் கதைகளில் பயம் எங்கிருந்து வருகிறது? அந்தப் பூதங்களுக்கு நம் மேல் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. நாம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. டெர்லெத் கத்தோலிக்கர். நன்மை, தீமை, வீழ்ச்சி, மீட்பு இல்லாமல் ஒரு பிரபஞ்சத்தை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஆகவே ஒரு கோட்பாடு கட்டினார். ஆதியில் ‘மூத்த தெய்வங்கள்’ என்று நல்லவர்கள் இருந்தார்கள். கெட்டவர்கள் கலகம் செய்தார்கள். நல்லவர்கள் அவர்களைத் தோற்கடித்து ஆங்காங்கே அடைத்துவைத்தார்கள். நட்சத்திரக் குறி போட்ட ஒரு கல்லைக் காட்டினால் கெட்டவர்கள் பின்வாங்குவார்கள். அண்டத்தின் பேரச்சம் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினால் தீர்கிற சமாசாரமாயிற்று.

அடுத்து இலாகா ஒதுக்கீடு. நிலம், நீர், காற்று, நெருப்பு என்று நாலு பூதங்கள். கதுலூவுக்கு நீர்வளத் துறை. அந்தக் கதுலூவோ கடலுக்கு அடியில் சிறைப்பட்டுக் கிடக்கிறது. நீருக்கு அதிபதியை நீருக்குள் போட்டு அடைப்பது என்ன தண்டனை? லவ்கிராஃப்டின் மூலக்கதையில் கடல்நீர்தான் கதுலூவின் கனவுச் செய்தியை வெளியே விடாமல் தடுக்கிறது. தன் இலாகாவையே கட்டுப்படுத்தத் தெரியாத மந்திரி! நெருப்புக்கு ஆள் இல்லாமல் இருந்தது. லவ்கிராஃப்ட் அப்படி யாரையும் உண்டாக்கவில்லை. டெர்லெத் அசரவில்லை, 1944-ல் ‘கதூகா’ என்று புதிதாக ஒன்றைச் செய்து காலியிடத்தை நிரப்பினார். கோட்பாட்டுக்கு ஆதாரம் இல்லையென்றால் ஆதாரத்தைத் தயாரித்துக்கொள்வது என்பதற்கு இதைவிட நேர்மையான உதாரணம் கிடையாது.

காற்றுத் துறைக்கு வந்த ஹஸ்தூரின் உத்தியோக வரலாற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்புரோஸ் பியர்ஸ் என்ற எழுத்தாளர் அதை ஆட்டிடையர்கள் கும்பிடும் ஒரு சாதுத் தெய்வமாகப் படைத்தார். 1895-ல் ராபர்ட் சேம்பர்ஸ் ‘தி கிங் இன் எல்லோ’ நூலில் அந்தப் பெயரை எடுத்து, இடப்பெயரா ஆள்பெயரா நட்சத்திரமா என்று தெரியாதபடி மூன்று நாலு இடத்தில் தெளித்தார். லவ்கிராஃப்ட் அதைப் பெயர்ப் பட்டியலில் ஒன்றாகப் போகிற போக்கில் சொன்னார். அவ்வளவுதான். டெர்லெத்துக்கு அது போதும். ஹஸ்தூர் கதுலூவின் அரைச் சகோதரன், பரம விரோதி, காற்றுக்கு அதிபதி! ஆடு மேய்க்கிற இடத்திலிருந்து அண்டம் ஆளுகிற இடத்துக்கு, ஒரு பரீட்சைகூட எழுதாமல். இந்தப் பிரபஞ்சத்துக்கே ஹஸ்தூர் பெயரை வைத்துவிடலாம் என்று 1931-லேயே டெர்லெத் லவ்கிராஃப்டிடம் கேட்டு, அவர் மறுத்தது வேறு. குரு போனபின் ‘கதுலூ மித்தோஸ்’ என்று பெயர் சூட்டிவிட்டார்.

தன் கோட்பாட்டுக்குச் சான்றாக டெர்லெத் ஊர் ஊராக ஒரு மேற்கோளை எடுத்துக்கொண்டு திரிந்தார். கறுப்பு மந்திரம் செய்து வெளியேற்றப்பட்ட ஓர் இனத்தைப் பற்றித்தான் தன் கதைகளெல்லாம் என்று லவ்கிராஃப்டே சொன்னதாக. பின்னால் ஆராய்ச்சியாளர்கள் துருவியதில், அது லவ்கிராஃப்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த ஹாரல்ட் ஃபார்னீஸ் என்ற இசைக்காரர் தன் நினைவிலிருந்து சொன்ன வாசகம் என்று தெரிந்தது. லவ்கிராஃப்டின் கடிதங்களில் அப்படி ஒரு வரி கிடையாது. ஒரு ரசிகரின் தப்பான ஞாபகம், இன்னொரு ரசிகரின் கையில் வேதவாக்கானது.

இதற்கு மேலும் உண்டு. 1945-ல் ‘தி லர்க்கர் அட் தி த்ரெஷோல்ட்’ என்ற நாவல், இருவர் பெயரிலும் வந்தது. சுமார் 50,000 சொற்கள். அதில் லவ்கிராஃப்ட் எழுதியது சுமார் 1,200. செத்த பிறகும் இப்படி உழைத்தவர் இலக்கியத்தில் குறைவு. 1971-ல் டெர்லெத் காலமானார். 1972-லேயே ரிச்சர்ட் டியர்னி ஒரு கட்டுரை எழுதி, அய்யா இது லவ்கிராஃப்டின் புராணம் இல்லை, டெர்லெத்தின் புராணம் என்று போட்டு உடைத்தார்.

டெர்லெத்தாவது கதை எழுதினார். புத்தகத்தையே தேடிப் போனவர்களை என்ன சொல்ல? லவ்கிராஃப்ட் உயிரோடிருக்கும்போதே பொது நூலகங்களில் நெக்ரோனாமிகான் கேட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள்; அது தெரிந்து அவருக்கே சங்கடமாக இருந்தது. 1946-ல் நியூயார்க் பழம்புத்தக வியாபாரி ஒருவர் குறும்பாகத் தன் பட்டியலில் அதற்கும் விலை போட்டார். நூலக அட்டைப் பெட்டிகளில் போலி அட்டை சொருகுவது கல்லூரி மாணவர்களின் கலையானது.

கேட்கிறவர்கள் இருந்தால் விற்கிறவர்கள் வராமல் போவார்களா? 1973-ல் எழுத்தாளர் ஸ்பிரேக் டி காம்ப் முன்னுரையோடு ‘அல் அஸிஃப்’ வெளிவந்தது. ஈராக்கில் கிடைத்ததாம், மொழிபெயர்க்க உட்கார்ந்த அறிஞர்கள் காணாமல்போனார்களாம். உள்ளே புரியாத கிறுக்கலில் சில பக்கங்களையே திரும்பத் திரும்ப அச்சடித்து வைத்திருந்தார்கள். இது நண்பர்கள் சிரிப்பதற்கென்று செய்த வேலை, மன்னிக்கலாம். 1977-ல் ‘சைமன்’ என்ற ஒற்றைப் பெயரோடு ஒருவர் வந்தார். சுமேரியத் தெய்வங்களையும் கதுலூவையும் ஒரே அடுப்பில் ஏற்றி, தோல் அட்டையோடு, சரியாக 666 பிரதிகள் போட்டார். 1980-ல் மலிவுப் பதிப்பு வந்து லட்சக்கணக்கில் விற்றது. உலகை அழிக்கும் ரகசியம் மலிவு விலையில், பேருந்து நிலையக் கடையில் தொங்கியது. 1978-ல் லண்டனில் இன்னொரு கோஷ்டி: கோலின் வில்சன் முன்னுரை, ஜார்ஜ் ஹே தொகுப்பு. எலிசபெத் ராணி காலத்து மந்திரவாதி ஜான் டீயின் சங்கேதக் கைப்பிரதியைக் கம்ப்யூட்டர் வைத்து உடைத்தோம், உள்ளே நெக்ரோனாமிகான் இருந்தது என்றார்கள். சில வருஷம் கழித்து வில்சனே அது விளையாட்டு என்று ஒப்புக்கொண்டார். ஜான் டீயை இந்த விவகாரத்தில் முதன்முதலாக இழுத்துவிட்டவர் 1928-ல் நம் லாங். அவர் ஒரு கதைக்காகச் சொன்ன பொய் ஐம்பது வருஷத்தில் கம்ப்யூட்டர் ஆதாரமாக வளர்ந்து நின்றது.

இந்தக் கூட்டத்தில் உருப்படியான ஒரே நெக்ரோனாமிகான், 1977-ல் சுவிஸ் ஓவியர் ஹெச்.ஆர். கிகர் அந்தப் பெயரில் போட்ட ஓவியத் தொகுப்பு. அதைப் பார்த்துத்தான் ரிட்லி ஸ்காட் ‘ஏலியன்’ படத்துப் பூதத்துக்கு அவரை அமர்த்தினார்.

சரி, லவ்கிராஃப்டே இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டாரே, அதை எப்படிச் சமாளித்தார்கள்? அங்கேதான் கென்னத் கிராண்ட் என்ற ஆங்கில மாந்திரிகர் வருகிறார். அலெய்ஸ்டர் குரோலியின் சீடர். 1972-ல் வந்த அவருடைய நூலின்படி, நெக்ரோனாமிகான் சூட்சும உலகில் இருக்கிறது. லவ்கிராஃப்ட் கனவில் அதைப் படித்தார். விழித்ததும் கற்பனை என்று நினைத்துக்கொண்டார். எழுதியவருக்கே தெரியாமல் எழுதப்பட்ட உண்மை! இந்த வாதத்தை எவராலும் உடைக்க முடியாது. ஆசிரியர் ஆம் என்றால் ஆதாரம். இல்லை என்றால் அதைவிடப் பெரிய ஆதாரம். நாத்திகர் என்பதே அவர் தீர்க்கதரிசி என்பதற்கு அத்தாட்சியாகிவிடுகிறது.

நம்மூர்க்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடையாற்றில் இருக்கிறது. 1864-ல் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி விலங்குகள் இருப்பதற்குக் காரணமாக, முழுகிப்போன ஒரு நிலப்பகுதியை யோசித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். மேடம் பிளாவட்ஸ்கி அதில் மூன்றாம் கண்ணுள்ள ராட்சத மனிதர்களைக் குடியேற்றினார். அவருடைய பிரம்மஞான சபை 1882-ல் அடையாற்றுக்கு இடம்பெயர்ந்தது. அவருடைய ‘ரகசியக் கோட்பாடு’ நூலுக்கு மூலமாக அவர் சொன்ன ‘ஸ்யான் நூல்’ எங்கே இருக்கிறது என்று கேட்டால், பார்த்தவர் எவரும் இல்லை. அதே சபையின் ஸ்காட்-எலியட் அட்லாண்டிஸ், லெமூரியா பற்றி எழுதிய இரண்டு நூல்களும் 1925-ல் ஒரே தொகுதியாக வந்தன. லவ்கிராஃப்ட் அதை 1926-ல் படித்தார். சில வாரங்களில் ‘தி கால் ஆஃப் கதுலூ’ எழுதினார். அந்தக் கதைக்குள் ஸ்காட்-எலியட்டின் பெயரே வருகிறது. அந்த லெமூரியாதான் இந்தப் பக்கம் நம் குமரிக் கண்டத்தோடு கைகோத்துப் பாடப்புத்தகம் வரை நடந்து வந்தது. ஆக, கதுலூ தூங்கும் ஊருக்கும் நம் கடல்கொண்ட நாட்டுக்கும் ஒரே இடத்தில் பட்டா வாங்கப்பட்டிருக்கிறது. லவ்கிராஃப்ட் அந்த நூலைப் பொய் என்று தெரிந்து பயன்படுத்தினார் என்பது ஒரு வித்தியாசம். ‘ஸ்யான் நூலை’யும் தன் மந்திரப் புத்தகப் பட்டியலில் நெக்ரோனாமிகானுக்குப் பக்கத்தில் வைத்தார். இல்லாத இரண்டு புத்தகங்கள் ஒரே அலமாரியில். இரண்டில் ஒன்றைத்தான் அவர் கண்டுபிடித்தார்.

கதுலூ தூங்கும் முழுகிய நகரம் ர்லியே. அதற்கு லவ்கிராஃப்ட் தெற்குப் பசிபிக்கில் துல்லியமாகத் தீர்க்க, அட்ச ரேகை கொடுத்திருக்கிறார். 1992-ல், கரையிலிருந்து மிகத் தொலைவான கடற்புள்ளி எது என்று கணக்கிட்டு ‘பாயிண்ட் நீமோ’வைக் கண்டுபிடித்தார்கள். ர்லியேயிலிருந்து முந்நூறு சொச்சம் கிலோமீட்டர். ஆயுள் முடிந்த விண்கலங்களை அந்த வட்டாரத்தில்தான் விழவைக்கிறார்கள். யார் தலையில் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். 1997-ல் அமெரிக்கக் கடலாய்வு நிறுவனத்தின் நீரடி ஒலிவாங்கிகளில் ஒரு பெருஞ்சத்தம் பதிவானது. ‘புளூப்’ என்று பெயர் வைத்தார்கள். ர்லியேயிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். பசிபிக் அளவுக்கு அது பக்கத்துத் தெரு. கதுலூ புரண்டு படுத்தது என்று ஒரே ஆரவாரம். அண்டார்க்டிக் பனி உடையும் சத்தம் என்று விஞ்ஞானிகள் பின்னால் விளக்கியதை யாரும் கொண்டாடவில்லை.

எல்லாக் கோட்பாட்டையும் கேலி செய்தாயிற்று. ஒன்றை மட்டும் செய்ய முடியவில்லை, அது சரியாக இருப்பதால். லவ்கிராஃப்டின் பூதங்களெல்லாம் எங்கிருந்து வந்தன? அவருடைய இனவெறியிலிருந்து என்பது அந்தக் கோட்பாடு. கறுப்பர்கள், யூதர்கள், குடியேறிகள் என்று யாரையும் அவருக்குப் பிடிக்காது. கட்டிய மனைவி சோனியா யூதர் என்பது அவருக்குத் தடையாகவும் இல்லை, பாடமாகவும் இல்லை. ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’ கதையில் ஊரே மீன் இனத்தோடு கலப்புற்றுக் கெட்டுப்போனதாக வரும் பயத்தில், மீனை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது என்னவென்று தெரியாதவர் இல்லை. உலகக் கற்பனைப் புனைவு விருதின் சிலை 1975 முதல் இந்த மனிதரின் தலையாகவே இருந்தது. 2011-ல் விருது பெற்ற நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர் இந்தத் தலையை வீட்டில் வைத்துக்கொள்வதன் தர்மசங்கடத்தை வெளிப்படையாக எழுதினார். 2015-ல் தலையை எடுத்துவிட்டார்கள். 2016-ல் விக்டர் லவேல் என்ற கறுப்பின எழுத்தாளர், லவ்கிராஃப்டின் மிக மோசமான இனவெறிக் கதையை எடுத்து ஒரு கறுப்பு இளைஞன் பக்கமிருந்து திருப்பி எழுதினார். பேயைக் கடன் வாங்கலாம் என்ற பழைய விதிப்படிதான்.

1981-ல் கதுலூ பகடை விளையாட்டாகவும் வந்துவிட்டது. விதிமுறைப் புத்தகத்தில், கதுலூ ஒரு சுற்றுக்கு ஒன்று முதல் மூன்று துப்பறிவாளர்கள் வரை விழுங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். சொல்லுக்கு அடங்காத அண்டப் பேரச்சத்தின் பசி கடைசியில் பகடை எண்ணில் அடங்கியது.

லவ்கிராஃப்டின் கதைகளுக்கு இந்தியாவில் காப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், கதுலூவைத் தூத்துக்குடிப் பக்கம்கூடக் கரையேற்றலாம். தொடங்குவதானால் ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ கதையிலிருந்து தொடங்குங்கள். அவருக்கே அதுதான் பிடித்தமானது, அதில் எதற்கும் விளக்கமும் கிடையாது. கையில் கிடைத்த பதிப்பில் டெர்லெத்தின் முன்னுரை இருந்தால், தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.